நமத்துப் போன வெடி

தீபாவளிக்கு வாங்கின வெடியில கொஞ்சம் மிச்சம் பிடிச்சு, அடுத்த வருஷம் கொளுத்தினவங்க எல்லாம் கையைத் தூக்குங்க பார்ப்போம். என் கையும் மேலதான் இருக்கு :-)

எங்க வீட்டில் பரண் மேல் ஒரு பழைய பிஸ்கட் டின் உண்டு. மீந்துபோன வெடியை செய்தித்தாளில் சுத்தி அதில் போட்டு வைப்பேன். ஒரு மழைக்காலம், ஒரு கோடை, அப்புறம் இன்னொரு மழைக்காலத்தின் தொடக்கம் எல்லாம் பார்த்துவிட்டு அது கீழே இறங்கும். மொட்டை மாடியில் வெயிலில் காய வைப்பேன். கொளுத்தினால் பாதி 'புஸ்ஸ்' என்று போய்விடும். இன்னொரு கால்வாசி நன்றாகவே வெடிக்கும். பிரச்சினை அந்த கடைசி கால்வாசியில்தான். திரி வேகமாக எரிந்து, கையை எடுப்பதற்குள் வெடிப்பது ஒரு ரகம். அணைந்துபோன மாதிரி பாசாங்கு செய்துவிட்டு, நாம் குனிந்து பார்க்கும்போது வெடிப்பது இன்னொரு ரகம்.

பாட்டிக்கு இதில் ஒரே ஒரு சட்டம்தான். "வெடிக்காத வெடிகிட்ட போகாதடா. ஒரு சொம்பு தண்ணிய ஊத்திட்டு வா." அந்த வயதில் இது எனக்கு அநியாயமாகப் பட்டது. காசு கொடுத்து வாங்கின வெடி ஆச்சே!

இப்ப எதுக்கு இந்தக் கொசுவத்தி? போன வாரம் நண்பன் ஒருவனோடு ஒரு யுத்தப் படம் பார்த்தேன். தாத்தா காலத்துத் துப்பாக்கியை ஹீரோ டிரங்குப் பெட்டியில் இருந்து எடுக்கிறார், தூசியை ஊதுகிறார், சுடுகிறார், வில்லன் காலி. நண்பன் சொன்னான், "அம்பது வருஷமாடா? எல்லாம் நமத்துப் போயிருக்கும்." எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. தேட ஆரம்பித்தேன். படித்ததில் சில விஷயங்கள் மண்டையைக் குடைந்துகொண்டே இருப்பதால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

முதலில் ஹீரோவுக்கு நியாயம் செய்துவிடுவோம். அவர் சுட்டது சாத்தியமே. ஈரமும் சூடும் படாமல் நன்றாக மூடி வைத்த துப்பாக்கித் தோட்டாக்கள் ஐம்பது, அறுபது வருஷம் கழித்தும் ஒழுங்காக வெடிக்கின்றன. இரண்டாம் உலகப்போரின் தோட்டாக்களை வாங்கிச் சுடுகிறவர்கள் அமெரிக்காவில் இன்றும் உண்டு. ஆக, 'பழசு என்றால் நமத்துப் போகும்' என்பது தவறு. ஆனால் 'பழசும் புதுசு மாதிரிதான்' என்பது அதைவிடப் பெரிய தவறு. இந்த இரண்டாவது தவறுக்கு மனிதர்கள் கொடுத்த விலைதான் இனி வருவது.

*

இடம்: பிரான்சின் தெற்குக் கடற்கரையில் உள்ள துலோன் துறைமுகம். நாள்: 1907 மார்ச் 12.

'இயேனா' என்ற போர்க்கப்பல் பராமரிப்புக்காக உலர்துறையில் நிற்கிறது. உலர்துறை என்றால், கப்பலை உள்ளே விட்டுக் கதவை மூடி, தண்ணீரை எல்லாம் இறைத்துவிட்டு அடிப்பாகத்தில் வேலை பார்க்கும் பெரிய தொட்டி. அதாவது கப்பலைச் சுற்றி ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. மதியம் ஒன்றரை மணி வாக்கில் பின்பக்க வெடிமருந்துக் கிடங்கில் வெடிக்க ஆரம்பித்தது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் விட்டுவிட்டு வெடித்தது.

கிடங்கில் தீ என்றால் அதற்குள் கடல் தண்ணீரைத் திறந்து விடுவதுதான் வழக்கம். இங்கே திறந்துவிடக் கடலே இல்லை. பக்கத்தில் நின்ற 'பாத்ரி' என்ற போர்க்கப்பல், உலர்துறையின் கதவை உடைத்துத் தண்ணீரை உள்ளே விடுவதற்காக அதன் மேல் ஒரு குண்டைச் சுட்டது. குண்டு கதவில் பட்டுத் தெறித்துப் போனதே தவிர, கதவு உடையவில்லை. கடைசியில் ரூ என்ற இளம் அதிகாரி ஒருவர் போய்த் திறந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் கப்பலில் இருந்து பறந்து வந்த துண்டுகள் பட்டு அவரும் இறந்தார். மொத்தம் சுமார் 120 பேர் பலி.

யாரும் கப்பலைத் தாக்கவில்லை. பிறகு எப்படி வெடித்தது? சந்தேகம் 'பூத்ர் பே' மேல் திரும்பியது. 1884-ல் பால் வியேல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் கண்டுபிடித்த புகையில்லாத வெடிமருந்து அது. அந்தக் காலத்தில் பெரிய புரட்சி. பழைய கரிமருந்தைச் சுட்டால் போர்க்களமே புகையில் மூடிக்கொள்ளும். இதில் புகை மிகக் குறைவு, வேகம் மிக அதிகம். உலகத்தின் எல்லா ராணுவங்களும் இதன் பின்னால் ஓடின.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. இங்கே கொஞ்சம் வேதியியல், ஓடிடாதீங்க. இந்த மருந்தின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். பஞ்சை அமிலங்களில் ஊறவைத்துச் செய்வது. அது சும்மா டப்பாவில் இருக்கும்போதும் உண்மையில் சும்மா இருப்பதில்லை. மிக மெதுவாகச் சிதைந்துகொண்டே இருக்கும். சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள் வெளிவரும். அந்த வாயுக்களே மிச்சமுள்ள மருந்தை இன்னும் வேகமாகச் சிதைக்கும். கூடவே சூடும் உண்டாகும். சூடு கூடினால் சிதைவு கூடும், சிதைவு கூடினால் சூடு கூடும். வட்டிக்கு வட்டி போடும் கந்துவட்டிக் கணக்கு மாதிரி. ஒரு கட்டத்தில் தீக்குச்சியே இல்லாமல் தானாகப் பற்றிக்கொள்ளும்.

இதைத் தடுக்க மருந்தோடு ஒரு நிலைப்படுத்தியைக் கலப்பார்கள். அது அந்த வாயுக்களை உறிஞ்சிக்கொள்ளும், ஒழுகும் கூரைக்குக் கீழே வைத்த பஞ்சு மாதிரி. பஞ்சு நனைந்து நிரம்பிவிட்டால் அப்புறம் அது இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அது எப்போது நிரம்பும் என்பது மருந்து எத்தனை வருஷம், எவ்வளவு சூட்டில் இருந்தது என்பதைப் பொறுத்தது. பிரெஞ்சுக்காரர்கள் அப்போது பயன்படுத்தியது அமைல் ஆல்கஹால். அது சுமாரான பஞ்சு.

இதில் என்னை உறுத்திய விஷயம், இது எதுவுமே வெளியே தெரியாது என்பதுதான். புது மருந்தும், நாளை தானாகப் பற்றப்போகிற மருந்தும் கிடங்கில் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கும்.

இயேனாவுக்குப் பிறகு விசாரணை மேல் விசாரணை. மருந்து தயாரித்தவர்கள் கடற்படையைக் கை காட்டினார்கள், கடற்படை மருந்தைக் கை காட்டியது. (நமக்குப் பழக்கமான காட்சிதான்.) கடற்படை அமைச்சர் காஸ்தோன் தோம்சன் 1908-ல் பதவி விலகினார். பழைய மருந்து கப்பல்களில் இருந்தபடியே இருந்தது.

1911 செப்டம்பர் 25 அதிகாலை. அதே துலோன் துறைமுகம். 'லிபெர்தே' என்ற இன்னொரு போர்க்கப்பல் நங்கூரம் போட்டு நின்ற இடத்திலேயே வெடித்துச் சிதறியது. அதன் இரும்புக் கவசத்தின் ஒரு பெரும் துண்டு பறந்துபோய் இன்னொரு போர்க்கப்பலான 'ரிப்யுப்ளிக்' மேல் விழுந்தது. ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள். உடைந்த கப்பல் 1925 வரை துறைமுகத்திலேயே கிடந்தது. காரணம் அதேதான், சிதைந்துபோன பூத்ர் பே. இதற்கு அப்புறம்தான் டைஃபினைலமைன் என்ற நல்ல நிலைப்படுத்திக்கு மாறினார்கள். நோபல் தன் மருந்தில் அதை முன்பே பயன்படுத்தியிருந்தார் என்பது உபரித் தகவல்.

நாலரை வருஷ இடைவெளியில், ஒரே துறைமுகத்தில், ஒரே காரணத்துக்காக இரண்டு கப்பல்கள். முதல் கப்பல் சொன்ன சேதியை யாரும் கேட்காததால் இரண்டாவது கப்பல் வந்து சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

*

துலோனில் மருந்து தானாகப் பற்றிக்கொண்டது. அது பழசு என்று யாரும் பெரிதாக யோசிக்கவும் இல்லை. அடுத்தது அப்படி இல்லை. இது பழசு, இது ஆபத்து என்று நேரில் பார்த்தவர்கள் வாய்விட்டுச் சொன்ன பிறகும் பயன்படுத்திய கதை.

1967, வியட்நாம் போர் உச்சத்தில் இருக்கிறது. அமெரிக்கா குண்டு போட்ட வேகத்துக்குத் தொழிற்சாலைகளால் ஈடு கொடுக்க முடியவில்லை. எந்த அளவுக்குத் தட்டுப்பாடு என்றால், மேற்கு ஜெர்மனியில் ஒரு கம்பெனிக்கு ஒரு குண்டு 1.70 டாலர் என்று தள்ளிவிட்ட பழைய குண்டுகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டதை, 1966-ல் ஒன்று 21 டாலர் என்று அமெரிக்காவே திரும்ப வாங்கியது. பேரீச்சம்பழத்துக்குப் போட்ட பாத்திரத்தைக் கடையில் போய் விலைக்கு வாங்கிய கதை!

'ஃபாரஸ்டல்' என்ற பிரம்மாண்டமான விமானந்தாங்கிக் கப்பல் 1967 ஜூலை கடைசி வாரம் டோங்கின் வளைகுடாவுக்கு வந்து சேர்ந்தது. 28-ஆம் தேதி 'டயமண்ட் ஹெட்' என்ற வெடிமருந்துக் கப்பல் அதற்குச் சரக்கு ஏற்றியது. வந்த சரக்கில் பதினாறு குண்டுகள் வேறு மாதிரி இருந்தன. ஏஎன்-எம்65 வகை, ஒவ்வொன்றும் ஆயிரம் பவுண்டு. இரண்டாம் உலகப்போர் காலத்து வடிவமைப்பு. 1950-களின் தொடக்கத்தில் செய்து, வெப்பமண்டலத்துச் சூட்டிலும் ஈரத்திலும் பத்து வருஷத்துக்கு மேல் கிடந்து, பிலிப்பைன்ஸின் சூபிக் விரிகுடா தளத்தில் இருந்து வந்தவை. துரு ஏறியிருந்தது. சிலவற்றில் உள்ளே இருந்த மெழுகு கசிந்து கொண்டிருந்தது.

கப்பலில் குண்டுகளைக் கையாளும் ஆட்கள் அதைப் பார்த்ததுமே பின்வாங்கினார்கள். அவர்கள் சொன்னது சுருக்கமாக இதுதான்: இதைத் தொடவே பயமாக இருக்கிறது, கடலில் தள்ளிவிடலாம். கப்பல் தலைவர் ஜான் பெலிங் புதுக் குண்டு கேட்டுப் பார்த்தார். இல்லை என்று பதில் வந்தது. மறுநாள் தாக்குதலுக்குக் குண்டு வேண்டும். இவற்றைக் கீழே கிடங்கில் மற்ற குண்டுகளோடு வைக்க யாரும் துணியவில்லை. மேல்தளத்திலேயே வைத்தார்கள்.

இங்கே கொஞ்சம் நிற்போம். கிடங்கில் வைக்கப் பயம், ஆனால் விமானத்தில் மாட்ட அனுமதி! ஆபத்து என்று அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தபடியே ஒரு சமரசம் செய்துகொண்டு விட்டார்கள். 'நாளைக்கு ஒரு நாள் தானே, போட்டுத் தீர்த்துடலாம்.'

ஜூலை 29 காலை, மணி 10.50 ஐத் தாண்டியிருக்கும். மேல்தளத்தில் விமானங்கள் புறப்படத் தயாராக நெருக்கியடித்து நிற்கின்றன. வயிறு நிறைய எரிபொருள், இறக்கைக்குக் கீழே குண்டுகள். ஒரு ஃபாண்டம் விமானத்தில், வெளி மின்சாரத்தில் இருந்து விமானத்தின் சொந்த மின்சாரத்துக்கு மாற்றும்போது உண்டான மின்துடிப்பில் 'ஜூனி' ராக்கெட் ஒன்று தானாகக் கிளம்பியது. தளத்தைக் குறுக்கே கடந்து, எதிர்ப்பக்கம் நின்ற ஸ்கைஹாக் விமானத்தின் எரிபொருள் தொட்டியைக் கிழித்தது. ராக்கெட் வெடிக்கக்கூட இல்லை. ஆனால் எரிபொருள் கொட்டித் தீப்பிடித்தது. ஒரு குண்டு உருண்டு தீயின் நடுவில் விழுந்தது.

அந்த ஸ்கைஹாக் வரிசையில் ஒரு விமானத்தில் உட்கார்ந்திருந்தவர் ஜான் மெக்கெய்ன். பின்னாளில் 2008-ல் ஒபாமாவை எதிர்த்து நின்றாரே, அவரேதான். விமானத்தின் மூக்கு வழியாக ஊர்ந்து தீக்குள் குதித்து ஓடித் தப்பினார்.

தீயணைப்புக் குழு உடனே வந்துவிட்டது. அதற்குத் தலைமை ஜெரால்ட் ஃபேரியர். பாதுகாப்பு உடை மாட்டக்கூட நேரம் எடுத்துக்கொள்ளாமல், கையில் ஒரு தீயணைப்பானோடு குண்டை நோக்கி ஓடினார். அவர் செய்தது முட்டாள்தனம் இல்லை. குழுவுக்குக் கொடுத்திருந்த பயிற்சியின்படி, எரியும் எண்ணெயின் நடுவில் குண்டு கிடந்தாலும் அது வெந்து வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் ஆகும். அந்த நிமிடங்களுக்குள் குண்டைக் குளிர வைத்துவிட்டால் கப்பல் பிழைக்கும்.

அந்தக் கணக்கு சரியான கணக்குதான், புதுக் குண்டுகளுக்கு. புது வகையில் இருந்தது எச்6 என்ற கலவை, சூட்டைத் தாங்கக்கூடியது. பழைய வகையில் இருந்தது காம்போசிஷன் பி, அதாவது ஆர்டிஎக்ஸும் டிஎன்டியும் சேர்ந்த கலவை. சூட்டைத் தாங்கும் சக்தி குறைவு. போதாததற்கு வருஷக்கணக்கில் வெயிலில் கெட்டுப்போனது. உறையும் மெல்லியது.

சுமார் ஒன்றரை நிமிடம்தான். குண்டின் உறை பிளந்து உள்ளே பிரகாசமாக எரிவதை ஃபேரியர் பார்த்தார். விலகுங்கள் என்று குழுவைப் பார்த்துக் கத்தினார். அதற்குள் வெடித்துவிட்டது. தீயணைக்கப் பயிற்சி பெற்றவர்களில் பெரும்பாலானோர் அந்த முதல் வெடியிலேயே போய்விட்டார்கள். சில விநாடிகளில் இரண்டாவது. அப்புறம் வரிசையாக. மொத்தம் ஒன்பது குண்டுகள்.

அதன் பிறகு குழாயைப் பிடித்தவர்கள் பெரும்பாலும் பயிற்சி இல்லாத மாலுமிகள். ஒரு குழு நுரையை அடிக்க, இன்னொரு குழு கடல் தண்ணீரைப் பீய்ச்சி அந்த நுரையை அடித்துக்கொண்டு போனது. குண்டு வெடித்த ஓட்டைகள் வழியாக எரியும் எண்ணெய் கீழ்த்தளங்களில் வழிந்தது. அங்கே இரவு வேலை முடிந்து தூங்கிக் கொண்டிருந்தவர்களில் சுமார் 50 பேர் இறந்தார்கள். மற்றவர்கள் மீதிக் குண்டுகளைக் கையால் தள்ளிக் கடலில் போட்டார்கள். கீழ்த்தளத் தீ முழுவதும் அணைய மறுநாள் அதிகாலை நான்கு மணி ஆனது. 134 பேர் இறந்தார்கள், 161 பேர் காயமடைந்தார்கள், 21 விமானங்கள் அழிந்தன.

இப்போது முக்கியமான விஷயம். அதே தளத்தில், அதே தீயில், புது எச்6 குண்டுகளும் கிடந்தன. வெடித்த ஒன்பதில் எட்டு, பழைய குண்டுகள் சூட்டில் வெந்து வெடித்தவை. ஒன்பதாவது, பழைய குண்டு வெடித்த அதிர்ச்சியில் பக்கத்தில் இருந்த புதுக் குண்டு வெடித்தது. மற்ற புதுக் குண்டுகள் எரிந்து போயின, அல்லது கடலில் தள்ளப்பட்டன. சூட்டினால் மட்டும் அவற்றில் ஒன்றுகூட வெடிக்கவில்லை.

ஒரு ஆய்வுக்கூடத்தில் திட்டம் போட்டுச் செய்தால்கூட இவ்வளவு தெளிவான ஒப்பீடு கிடைக்காது. ராக்கெட் கிளம்பியது விபத்து. எரிபொருள் பற்றியதும் விபத்து. அந்த விபத்து பேரழிவானதற்கு, 'குண்டுன்னா குண்டுதானே, பழசா இருந்தா என்ன' என்ற ஒரு முடிவு பெரிய காரணம். அந்த முடிவு ஃபேரியரிடமிருந்து பறித்தது சில நிமிடங்கள். அவர் நம்பி ஓடிய அந்தச் சில நிமிடங்கள் கையேட்டில் இருந்தன, குண்டில் இல்லை.

பொறியியல் படித்தவனாக எனக்கு இது அடிவயிற்றைக் கலக்கிய இடம். ஒரு பொருளுக்குச் சோதித்து எழுதின எண்ணை, பெயர் ஒன்று என்பதற்காக இன்னொரு பொருளுக்கும் பொருத்திப் பார்ப்பதை நாம் தினமும் செய்கிறோம். நமக்கு அதிகபட்சம் ராத்திரித் தூக்கம் போகும். அவர்களுக்கு உயிர் போனது.

அமெரிக்கக் கடற்படை இதிலிருந்து நிறையக் கற்றுக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். குண்டுகளுக்கு வெப்பம் தாங்கும் பூச்சு வந்தது. ஒரு குழு போனாலும் அடுத்தவர் குழாயைப் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று மாலுமிகள் எல்லோருக்கும் தீயணைப்புப் பயிற்சி கட்டாயமானது. அன்று தளத்துக் கேமராவில் பதிவான காட்சிகளையே பாடமாகக் காட்டினார்கள். நார்ஃபோக்கில் உள்ள தீயணைப்புப் பள்ளிக்கு ஃபேரியரின் பெயர்.

*

இதுவரை பார்த்தது சேர்த்து வைத்த பழசு. கண்டெடுத்த பழசு இதற்கும் ஒரு படி மேல். சேர்த்து வைத்ததற்காவது ஒரு தேதி, ஒரு ரசீது இருக்கும். கண்டெடுத்ததற்கு அதுவும் கிடையாது. ஏற்கனவே ஒரு தடவை வெடிக்க முயற்சி செய்து, பாதியில் நின்றுபோனதாகவும் இருக்கலாம்.

2010 ஜூன் 1, ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரம். கட்டட வேலைக்குத் தோண்டும்போது இரண்டாம் உலகப்போரின் 500 கிலோ விமானக்குண்டு ஒன்று கிடைத்தது. செயலிழக்க வைக்க நிபுணர்கள் வந்தார்கள். கற்றுக்குட்டிகள் இல்லை, இதே தொழிலில் பழுத்தவர்கள். வேலையைத் தொடங்குவதற்கு முன்பே அது வெடித்தது. மூன்று பேர் இறந்தார்கள்.

அந்தக் குண்டில் இருந்தது வேதியியல் தாமத ஃபியூஸ். விழுந்தவுடன் வெடிக்காமல், மீட்புப் பணிக்கு ஆட்கள் வரும் நேரத்தில் வெடிக்க வேண்டும் என்பதற்காகவே செய்த குரூரமான ஏற்பாடு. உள்ளே ஊசியைப் பிடித்துக் கொண்டிருப்பது ஒரு மெல்லிய செல்லுலாய்டு தகடு. குண்டு விழும்போது அசிட்டோன் குப்பி உடையும், அசிட்டோன் தகட்டைக் கரைக்கும், கரைந்ததும் ஊசி பாயும். ஆனால் இளகிய மண்ணில் புகுந்த குண்டு வளைந்து திரும்பி, மூக்கு மேலே பார்க்க நின்றுவிட்டால் அசிட்டோன் தகட்டின் பக்கம் போகாது. வெடிக்காமல் அப்படியே இருக்கும். எதுவரைக்கும்? அந்தத் தகடு வயதாகி, நொறுங்கி விழும் வரைக்கும். அதாவது இந்த வகைக் குண்டு வருஷம் ஆக ஆகப் பாதுகாப்பாக மாறுவதில்லை, வெடிக்கும் நாளை நோக்கி நகர்கிறது. பெர்லினுக்குப் பக்கத்தில் உள்ள ஒரானியன்பர்க் நகரத்துக்கு அடியில் 1945-ல் விழுந்த இந்த ரகம் ஏராளம். 1990-க்குப் பிறகு மட்டும் 200-க்கும் மேல் தோண்டி எடுத்திருக்கிறார்கள், இன்னும் தேடுகிறார்கள்.

முதல் உலகப்போரின் குண்டுகளும் ஓயவில்லை. பெல்ஜியம், பிரான்ஸ் விவசாயிகள் ஒவ்வொரு உழவுக்கும் ஷெல்களை வாரி வயல் ஓரத்தில் வைக்கிறார்கள். 'இரும்பு அறுவடை' என்றே அதற்குப் பெயர். 1917 ஜூன் 7 அன்று மெஸீனில் ஜெர்மானியர்களின் காலுக்குக் கீழே ஆங்கிலேயர்கள் 19 சுரங்க வெடிகளை வெடித்தார்கள். வெடிக்காமல் மண்ணுக்குள் விட்டதில் ஒன்று 38 வருஷம் தூங்கிவிட்டு, 1955-ல் ஒரு மின்னலில் விழித்துக்கொண்டது. நல்லவேளை, பலி ஒரு மாடு மட்டுமே. ஈப்ரில் 2014 மார்ச்சில் கட்டடத் தொழிலாளர்கள் இருவர் இறந்தபோது அவ்வளவு அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. நூறு வருஷம் முந்தின போரில் இரண்டு புதுப் பலி.

இது ஐரோப்பாக்காரன் கவலை என்று நினைக்க வேண்டாம். 2004 செப்டம்பர் 30 அன்று டெல்லிக்குப் பக்கத்தில் காசியாபாத் மாவட்டத்தில் ஒரு எஃகு ஆலையில், வெளிநாட்டில் இருந்து பழைய இரும்பு என்று வந்த குவியலில் கிடந்த ஷெல் வெடித்துப் பத்துப் பேர் இறந்தார்கள். கிலோ கணக்கில் விலைக்கு வாங்கிய யாரோ ஒருவருடைய போர்.

ஈழத்து நண்பர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2009 மே மாதத்தோடு சண்டை ஓய்ந்தது, ஆனால் வன்னி மண்ணுக்கு அது தெரியாது. ஊர் திரும்பியவர்களுக்கு வளவைத் துப்புரவாக்கக் குப்பை கூட்டி எரிப்பதே பயமான வேலையாக இருந்தது. கண்ணிவெடி அகற்றும் குழுக்களில் ஏராளமான பெண்கள் வெயிலில் முழங்காலிட்டு, சாண் சாணாக மண்ணைச் சுரண்டி அதைத் தேடினார்கள். குண்டு போட ஒரு நொடி, எடுக்க ஒரு தலைமுறை.

*

நண்பன் கேட்டதற்கு இப்போது பதில் சொல்லலாம். பழைய வெடி நமத்துப் போகலாம். புதுசு மாதிரியே வெடிக்கலாம். புதுசைவிட மோசமாகவும் வெடிக்கலாம். இதில் எது என்று வெளியில் இருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது என்பதுதான் அதன் ஆபத்தே. எல்லாப் பழைய வெடியும் வெடித்தால் ஒருவரும் கிட்டே போக மாட்டோம். எல்லாமே நமத்துப்போனால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. பத்தில் ஒன்பது சும்மா இருப்பதுதான் பத்தாவதற்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறது.

துலோனில் அமைச்சர்கள் வாதாடிக் கொண்டிருந்தார்கள், ஃபாரஸ்டலில் மறுநாள் தாக்குதலுக்குக் குண்டு வேண்டியிருந்தது. இரண்டிலும் தூக்கிப் போட மனசு வரவில்லை. யோசித்துப் பார்த்தால் என் பிஸ்கட் டின் பின்னணியும் அதேதான். காசு கொடுத்து வாங்கின வெடி ஆச்சே!

ஒரு சொம்பு தண்ணியோட நின்னுட்டிருந்த பாட்டிக்கு இது எல்லாமே தெரிஞ்சிருக்கு. நைட்ரோசெல்லுலோஸ் மட்டும்தான் தெரியாது.

டிஸ்கி: தோண்டும்போதோ, ஆற்று மணலிலோ, பழைய இரும்புக் கடையிலோ, தாத்தா பெட்டியிலோ இந்த மாதிரி எதுவும் கண்ணில் பட்டால் தொடாதீங்க, நகர்த்தாதீங்க, தண்ணியும் ஊத்தாதீங்க (பாட்டியோட வைத்தியம் பட்டாசுக்கு மட்டும்). பக்கத்துல இருக்கிறவங்களையும் தள்ளிப் போகச் சொல்லிட்டு போலீசைக் கூப்பிடுங்க, இந்தியாவில் 112. போட்டோ எடுக்கக் கிட்டே போறது அதைவிட முட்டாள்தனம்.

டிஸ்கி 2: பிஸ்கட் டின் இப்போது பரணில் இல்லை. அம்மா அதில் முறுக்கு போட்டு வைக்கிறாங்க. நமத்துப் போனா பிரச்சினை இல்லை.